பழைய தேக்குப் படகின் உடலைப் புதுப்பிப்பது: பர்மா ஆற்றங்கரைக்கான முழு வழிகாட்டி

மோல்மேன், சிரியம், தலா என்று பர்மாவின் எந்த ஆற்றங்கரை ஊரில் நடந்தாலும் கவிழ்த்துப் போட்ட மரப் படகு ஒன்றாவது கண்ணில் படும். பெயின்ட் உரிந்து, பலகைக்குப் பலகை வெளிச்சம் தெரிய, ஓரத்தில் புல் முளைத்துக் கிடக்கும். "இனி விறகுக்குத்தான்" என்று படகுக்காரரே சொல்லுவார். விறகு விலைக்கே கொடுத்துவிட்டு ஃபைபர் படகு வாங்கப் போவார். அப்படிக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் பொறுத்து, படகை ஒழுங்காகச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் மரம் காய்ந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே மரம் திடமாகவே இருக்கலாம்.

பர்மா தேக்கு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு மோல்மேனிலேயே சாட்சி உண்டு. 1853-இல் இங்கே தேக்கில் கட்டி நீரில் இறக்கிய 'மலாக்கா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், பிறகு ஜப்பான் கடற்படைக்குப் போய், 'சுகுபா' என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. அதே காட்டு மரத்தில் செய்த 20 அடிப் படகை முப்பது வருஷத்தில் விறகாக்குவது பெரிய அநியாயம்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மரம் தண்ணீரில் ஊதும், வெயிலில் சுருங்கும். பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்குவதால்தான் படகு ஒழுகாமல் நிற்கிறது. அதனால் நாம் செய்யும் எந்த வேலையும் மரம் ஊதிச் சுருங்க இடம் விட்டே ஆகவேண்டும். ஒழுகுகிற பழைய பலகைப் படகுக்கு மேலே ஃபைபர் துணி ஒட்டி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வருஷம் ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் மரம் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும். ஒட்டு எங்காவது விட்டுப்போகும். அந்த இடத்தில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். சில வருஷத்தில் வெளியே பளபளப்பாகவும் உள்ளே மக்கியும் ஒரு படகு கையில் மிஞ்சும். அப்புறம் அதை யாராலும் காப்பாற்ற முடியாது.

இங்கே சொல்வது 18 முதல் 25 அடி நீளம், முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை தடித்த பலகை, விளிம்போடு விளிம்பு முட்டும்படி கட்டிய படகுகளுக்கு. சம்பான் என்கிற சின்ன ஆற்றுப் படகுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒரே மரத்தில் குடைந்த தோணிக்கு வைத்தியமே வேறு.

எப்போது ஏற்றுவது, எப்படி நிறுத்துவது

தீபாவளி முடிந்த கையோடு கரையேற்றி, சித்திரைப் பிறப்புக்கும் தண்ணீர்த் திருவிழாவுக்கும் முன்னால் நீரில் இறக்குவது நல்ல கணக்கு. மே நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை எந்தப் பொருத்தும், அதாவது பலகையும் பலகையும் சேரும் இடமும், காயாது. மோல்மேனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கூரை இல்லாமல் அந்த மழையில் வேலை பார்க்க முடியாது.

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில் ஏற்றுங்கள். ரங்கூன் ஆற்றில் அந்த நாட்களில் தண்ணீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தையே கூலியாளாக வைத்துக்கொண்டால் படகை எவ்வளவு மேலே கொண்டுபோக முடியுமோ அவ்வளவும் தண்ணீரே கொண்டுபோய் வைத்துவிடும். வடிந்த பிறகு உருளைக் கட்டை போட்டு இழுக்க வேண்டிய தூரம் குறைவு.

மேட்டில் வைத்ததும், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராக்கட்டைக்கு அடியில் ஐந்தாறு அடிக்கு ஒரு கட்டை கொடுங்கள். படகின் எடை முழுவதும் ஏராவில்தான் உட்கார வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று முட்டு கொடுப்பது சாயாமல் இருக்கத்தான், தாங்குவதற்கு இல்லை. முட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு துண்டுப் பலகை வையுங்கள். முட்டு வங்குக்கு, அதாவது உள்ளே பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற குறுக்குக் கட்டைக்கு, நேராக வரட்டும். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்புறம் வரை ஏராவின் ஓரமாக ஒரு நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் நூலுக்கு மேலே மரம் எழும்பி, இரண்டு முனையும் தொங்கினால் படகுக்கு முதுகு வளைந்திருக்கிறது என்று பொருள். உடனே ஜாக்கி வைத்து நிமிர்த்தாதீர்கள். முனைகளுக்கு அடியில் ஆப்பு வைத்து வாரத்துக்குக் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே வந்தால் மரமே மெல்ல இறங்கும். பல வருஷமாக வளைந்தது ஒரு நாளில் நேராகாது. முழுக்க நேராகாமலே போனாலும் பரவாயில்லை.

கொட்டலசும் (அடியில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற உயிர்) பாசியும் ஈரமாக இருக்கும்போதே சுரண்டிவிடுங்கள். காய்ந்துவிட்டால் பலகையின் தோலோடு பெயர்ந்து வரும். அப்புறம் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி விடுங்கள்.

வெயில்தான் இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி. நேர் வெயிலில் காய்ந்த பலகை ஒரு பக்கமாகச் சுருங்கி வெடிக்கும். மேலே தென்னங்கீற்றோ நிப்பா ஓலையோ வேய்ந்து, நான்கு பக்கமும் காற்று ஓட விட்டு, நிழலில் மெல்லக் காயவிடுங்கள். வேலை நடக்காத பக்கத்தில் ஈரச் சாக்கு போட்டு வைப்பது நல்லது. ஈரப்பதம் பார்க்கும் சின்னக் கருவி கிடைத்தால் 15 முதல் 18 விழுக்காடு வரும்வரை காத்திருங்கள். அதற்குக் கீழே காயவிடத் தேவையே இல்லை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே சுரண்டுங்கள். உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் போகும். தண்ணீர் தெளித்து, சுரண்டியால் எடுத்து, கீழே விரித்த தார்ப்பாயில் சேர்த்து அள்ளுங்கள். முகமூடி கட்டாயம். குழந்தைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

எது கெட்டது, எது நல்லது

இந்தச் சோதனைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். மொத்த வேலையில் பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான்.

கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குத்தூசி, ஒரு சுண்ணக்கட்டி போதும். சுத்தியலின் மரக் கைப்பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். திடமான மரம் 'டக்' என்று தெளிவாகப் பேசும். மக்கிய மரம் 'தொப்' என்று அமுங்கிய சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை நாருக்குக் குறுக்காக அழுத்தி நெம்புங்கள். நல்ல மரத்தில் நீண்ட சிம்பாகப் பிளந்து எழும்பும். மக்கிய மரம் சிம்பில்லாமல் குட்டையாக, பொடிந்த பிஸ்கட் போல உடைந்து வரும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் குத்திப் பார்த்துவிட்டால் விரலுக்கே தெரிந்துவிடும். கெட்ட இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள்.

எங்கே தேடுவது? பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர் படும் அடிப்பகுதியில் இல்லை, மழைத் தண்ணீர் தங்கும் மேல்பகுதியில்தான் மக்கல் தொடங்கும். உப்புத் தண்ணீர் மரத்தைப் பதப்படுத்தும். மழைத் தண்ணீர் பூஞ்சையை வளர்க்கும். 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சைக்கு வாழ்வில்லை. அதனால் மேல் விளிம்புக் கட்டைக்கு அடியில், வங்கின் தலைப்பில், பலகை முனைகள் வந்து சேரும் அணியத்தில், பின்பலகையின் மூலையில், உட்காரும் பலகை வந்து முட்டும் இடத்தில் குத்தூசியைப் பதமாக இறக்கிப் பாருங்கள்.

அடுத்து ஏராவை ஒட்டிய முதல் பலகை. எந்தப் படகிலும் முதலில் ஒழுகுவது அந்தப் பொருத்துதான். உள்ளே வங்குகளின் அடியில் தண்ணீர் ஓட வெட்டிய துளைகள் சேறும் மீன் செதிலும் அடைத்துக் கிடக்கும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, அந்தச் சேறு கிடந்த இடத்தைத்தான் முதலில் சோதியுங்கள்.

கப்பல் புழு என்கிற துளைப்புழு வேறு ரகம். வெளியே ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே விரல் நுழையும் அளவு சுரங்கம், சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாக. உப்பு இருக்கும் தண்ணீரில்தான் அதற்கு வாழ்வு. மழைக்காலத்தில் ஆறு நல்ல தண்ணீராக ஓடும்போது அடங்கும்; கோடையில் உப்பு மேலேறி வரும்போது கிளம்பும். தேக்கு மற்ற மரங்களைவிட நன்றாக எதிர்த்து நிற்கும், ஆனால் தேக்கில் புழு வராது என்று நம்பி உட்கார வேண்டாம். நடுவில் யாராவது மலிவு மரத்தில் ஒரு பலகை மாற்றியிருந்தால் அங்கேதான் முதலில் குடியேறும். புழு தின்ற பலகையை மக்கு (ஓட்டை அடைக்கும் பசை, 'புட்டி') வைத்து அடைத்துப் பயனில்லை. மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஆணிகள். ஆணித் தலையைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் கீறினாலே பஞ்சுபோல எழும்பினால் இரும்பு துருவேறி மரத்தையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறது. தேக்கின் எண்ணெய் இரும்பைக் கொஞ்சம் காப்பாற்றும். அதனால்தான் நம்மூர்ப் படகில் இரும்பாணி இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது. இருந்தாலும் ஆங்காங்கே நான்கைந்து ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள். நடுப்பகுதி மெலிந்து இடுப்பு விழுந்திருந்தால் அந்தப் பலகை முழுவதற்கும் புது ஆணி வேண்டும்.

இப்போது கொஞ்சம் தள்ளி நின்று சுண்ணக்கட்டி வட்டங்களை எண்ணுங்கள். ஏராவும் அணியக் கட்டையும் நன்றாக இருந்து, நாலைந்து பலகையும் சில வங்குகளும்தான் கெட்டிருக்கிறது என்றால் தாராளமாகத் தொடங்கலாம். ஏராவே நீளவாக்கில் மக்கியிருந்தால் அது புதுப் படகு கட்டுகிற வேலை. நல்ல ஆசாரியிடம் கூலி கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மரம்

தேக்குப் பலகைக்குப் பதில் தேக்குப் பலகைதான் சரி. ஒரே படகில் ஊதும் அளவு வேறுபட்ட மரங்களைக் கலந்தால் பொருத்துகள் வெவ்வேறு விதமாக நகரும். ஏராவுக்கும் அடியில் தேய்கிற கட்டைக்கும் பியின்கடோ, அதாவது நம் ஊரில் இருள் மரம் என்கிறோமே அதன் இனம், கல்லுபோல நிற்கும். பளுவான மரம், உளியைத் தின்னும், ஆனால் சேற்றில் இழுபட்டாலும் அசையாது. வங்குக்குத் திங்கான் என்ற மரம் நல்லது. பர்மியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோணி குடைவதற்கு எடுத்த மரம் அது.

புதிதாக அறுத்த தேக்கு வாங்கினால் ரசீதும் வனத்துறைச் சீட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாத தேக்கு பிறகு தொல்லை. என் கருத்தைக் கேட்டால், இடித்த பழைய வீட்டின் தேக்குத் தூணும் உத்தரமும்தான் முதல் தேர்வு. எத்தனையோ வருஷம் கூரைக்கு அடியில் காய்ந்த மரம் இனிமேல் திருகாது. வாங்கும்போது ஆணி ஓட்டைகளையும் கரையான் தடத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன் ஒளிந்திருக்கும் ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடினால் ரம்பம் பிழைக்கும்.

வங்கும் பலகையும்

முதலில் எலும்பு, பிறகு தோல். வங்குகள் சரியாகாமல் பலகையைத் தொடக்கூடாது. பலகைகளை எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றவும் கூடாது. கழற்றிவிட்டால் படகின் உருவமே போய்விடும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றி, புதியதைப் பொருத்தி, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

முறிந்த வங்கை முழுக்கப் பிடுங்குவது சிரமம் என்றால், அதன் பக்கத்திலேயே இன்னொரு வங்கு வைத்துப் பலகையோடு சேர்த்து அடிக்கலாம். முறிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். ஆனால் மக்கிய வங்கின் பக்கத்தில் புதியதை ஒட்டி வைக்காதீர்கள், மக்கல் தாவும். மக்கியதை வெட்டி எடுத்துவிட வேண்டும். இயற்கையாகவே வளைந்த கிளைக்கட்டை கிடைத்தால் அதில் அறுத்த வங்குக்கு ஈடு இல்லை. நார் வளைவோடு ஓடும். ஆவியில் வேகவைத்து வளைப்பதானால், ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் கணக்கு. எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள், ஆளுக்கு ஒரு முனை பிடித்து வளைத்து இறுக்கிவிட வேண்டும்.

பலகைக்கு அச்சு எடுப்பதில்தான் ஆசாரியின் கைத்திறன் தெரியும். பழைய பலகை முழுசாக வந்தால் அதுவே அச்சு. வராவிட்டால் மெல்லிய ஒட்டுப்பலகையை ஓட்டையின் மேல் வைத்து, உள்ளிருந்து விளிம்பைக் கோடு போட்டு எடுங்கள். வளைந்த பலகையை விரித்து வைத்தால் நேராக இருக்காது என்பதை மறக்க வேண்டாம். அளவைவிட ஒரு நூல் பெரிதாக அறுத்து, இழைப்புளியால் மெல்ல மெல்லக் குறைத்து, வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து இறக்குங்கள். கூட்டுவதற்கு வழி இல்லை, குறைப்பதற்கு எப்போதும் உண்டு.

விளிம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பலகையும் உள்பக்கம் மரத்தோடு மரம் இறுக்கமாக முட்ட வேண்டும். வெளிப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வாய் திறந்திருக்க வேண்டும். அந்த வாயில்தான் ஒழுகலை அடைக்கிற பஞ்சு போகும். உள்ளேயும் திறந்திருந்தால் அடிக்கிற பஞ்சு படகுக்குள் விழும். வெளியேயும் மூடியிருந்தால் பஞ்சுக்கு இடமில்லை, மரம் ஊதும்போது ஒன்றையொன்று தள்ளி வங்கிலிருந்து ஆணியைப் பிடுங்கிவிடும்.

ஒரே நீளப் பலகை கிடைக்காவிட்டால் இரண்டு துண்டாகப் போடலாம். முனைகள் சேரும் இடம் இரண்டு வங்குகளுக்கு நடுவே வரட்டும். உள்ளே ஒரு தாங்கு பலகை வைத்து இரண்டு முனையையும் அதில் அடியுங்கள். பக்கத்துப் பலகையில் இருக்கும் இணைப்புக்கும் இதற்கும் நடுவே மூன்று வங்கு இடைவெளியாவது விட வேண்டும். சாய்வாக வெட்டிப் பசை போட்டு இணைப்பதானால் தடிப்பைப்போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வு இருக்க வேண்டும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை போடும் முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள்.

ஆணி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒரு படகில் ஒரே உலோகம். செம்பாணி உள்ள படகில் இரும்பாணி அடித்தால் உப்புத் தண்ணீரில் இரும்பு சீக்கிரமே கரைந்துபோகும். படகில் ஏற்கெனவே இரும்பு என்றால், சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த கல்வனைஸ் ஆணியே போதும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கிற திருகாணியை நீருக்கு அடியில் போடாதீர்கள். ஈர மரத்துக்குள் காற்றுப் படாமல் இருந்தால் அதுவும் அரித்துப்போகும். நீருக்கு மேலே போடலாம். ஆணியின் நீளம் பலகைத் தடிப்பைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. எப்போதும் முதலில் துளை போட்டு அப்புறம் அடியுங்கள். தலை பலகைக்குள் இறங்கி, அதன் மேல் தேக்குக் குச்சி வைத்து மூட வேண்டும். குச்சியின் நார் பலகையின் நாரோடு ஒரே திசையில் ஓடட்டும்.

கலப்பத்து

பொருத்துகளில் பஞ்சடித்து ஒழுகலை அடைப்பதுதான் கலப்பத்து. படகு மிதப்பதும் முழுகுவதும் இங்கேதான். பொறுமை இல்லாதவர்கள் இதைக் கூலிக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பழைய பஞ்சையும் மக்கையும் பொருத்திலிருந்து சுரண்டி எடுக்க, பழைய அரத்தின் வாலைச் சூடாக்கி வளைத்துக் கொக்கி செய்துகொண்டால் போதும். மின்ரம்பம் வைத்துப் பொருத்தைக் கிழிக்கிறவர்களைக் கிட்டே விடாதீர்கள். ஒரு நொடி கை தவறினால் பலகை விளிம்பு போய்விடும். சுத்தம் செய்த பொருத்துக்குள் மெல்லிய பிரஷ்ஷால் ஈயம் இல்லாத ப்ரைமர் ஒரு கை ஓட்டுங்கள். காய்ந்த மரம் மக்கில் உள்ள எண்ணெயை உறிஞ்சாமல் இது தடுக்கும்.

ஒரு அங்குலம் வரை உள்ள பலகைக்குப் பருத்திப் பஞ்சு. தடித்த பலகைக்குத்தான் தார் தோய்த்த சணல். பஞ்சை விரல் தடிமனுக்குத் தளர்ந்த திரியாகத் திரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கலப்பத்து உளி கூர்மையாக இருக்கக் கூடாது. வாய் மழுங்கி, பஞ்சைத் தள்ள வேண்டுமே தவிர வெட்டக் கூடாது. அடிப்பதற்கு மரக் கொட்டாப்புளி.

திரியின் முனையைப் பொருத்தில் வைத்து, உளியால் ஒரு தட்டு. அரை அங்குலம் தள்ளித் திரியை ஒரு மடிப்பு மடித்து மறுபடி ஒரு தட்டு. இப்படி மடிப்பு மடிப்பாக ஒரு முழம் போனதும் திரும்பி வந்து, அந்த மடிப்புகளை எல்லாம் சீராக உள்ளே இறக்குங்கள். பொருத்து அகலமான இடத்தில் மடிப்பு நெருக்கம், ஒடுங்கிய இடத்தில் நீட்டம். காதைத் தீட்டி வையுங்கள். பஞ்சு தளர்வாக இருக்கும்போது கொட்டாப்புளி அடி மந்தமாகக் கேட்கும். போதுமான அளவு இறுகியதும் சத்தம் கணீரென்று மாறி, உளி கையில் லேசாகத் துள்ளும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லாரும் இன்னும் நாலு அடி போட்டால் இன்னும் பத்திரம் என்று நினைக்கிறார்கள். பலகை தண்ணீரில் ஊதத்தானே போகிறது? ஏற்கெனவே கல்லாக இறுகிய பொருத்தில் ஊதினால் அது போக இடமில்லாமல் வங்கைத்தான் உடைக்கும். மோல்மேனில் கலப்பத்து அடித்தே முடி நரைத்த ஒரு பெரியவர் சொல்லுவார்: "மீதியைத் தண்ணி பாத்துக்கும் தம்பி, நீ கையை எடு."

பஞ்சு இறங்கிய பிறகு வெளியே ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழம் காலியாக இருக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு கை ப்ரைமர், அப்புறம் மக்கு. சுண்ணக்கட்டித் தூளும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கு சின்னப் படகுக்குப் போதும். பலகைக்கு மேலே மேடு தெரியாமல் கொஞ்சம் பள்ளமாகவே வழித்து விடுங்கள். மரம் ஊதும்போது மக்கு பிதுங்கி மட்டத்துக்கு வரும்.

இந்த நாட்டுக்கென்றே பழைய முறை ஒன்று உண்டு. சின்னக் கொசுத்தேனீக்கள் கூடு கட்டச் சேர்க்கும் குங்கிலியப் பிசின், பர்மியில் புவேஞெட் என்பார்கள், அதை எண்ணெயோடு காய்ச்சிப் பொருத்தில் வைப்பது. கன்யின் மரத்து எண்ணெயோ மண்ணிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயோ அதற்குச் சேரும். ஏனாஞ்சாங் என்ற ஊரில் கையால் தோண்டிய கிணறுகளில் கச்சா எண்ணெய் எடுத்த காலத்திலிருந்தே படகுக்குப் பூசும் வழக்கம் இருக்கிறது. இன்றைக்கும் இது நன்றாக வேலை செய்யும். விரிசலோடு சேர்ந்து நெளியும், உடையாது. காய்ச்சும்போது வெட்டவெளியில், மெல்லிய தீயில், மூடி கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிசின் சட்டென்று பற்றும். முக்கியமான விஷயம்: எண்ணெய் ஊறிய மரத்தில் இன்றைய பெயின்டோ ரப்பர் மக்கோ ஒட்டாது. எண்ணெய் வழி என்றால் கடைசிவரை எண்ணெய் வழி, பெயின்ட் வழி என்றால் கடைசிவரை பெயின்ட். படகு இதுவரை எந்த வழியில் வந்ததோ அதிலேயே தொடர்வது உத்தமம்.

பூச்சு

வெளியே உப்புத்தாளால் நார் ஓடும் திசையில் தேய்த்து, தூசி துடைத்து, ப்ரைமர் இரண்டு கை, எண்ணெய் பெயின்ட் இரண்டு கை. மெல்லிய கையாகப் பல தடவை பூசுவது தடித்த கையாக ஒரு தடவை பூசுவதைவிட நிற்கும். நீர்மட்டத்துக்குக் கீழே செம்பு கலந்த, கொட்டலசு பிடிக்காத பெயின்ட். டப்பாவில் எழுதியிருக்கும் கெடுவுக்குள் நீரில் இறக்க வேண்டும். அதனால் அதைக் கடைசியாகப் பூசுங்கள்.

உள்பக்கத்தை நாலு கை பெயின்ட் அடித்து மூடி வைக்காதீர்கள். மரத்தின் ஒரு பக்கமாவது மூச்சு விடட்டும். ஆளிவிதை எண்ணெய் ஒரு கை, இரண்டு கை போதும்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறி, குவிந்து கிடக்கும் துணி தானாகவே பற்றி எரியும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

நீரில் இறக்குவது

மாதக்கணக்கில் கரையில் கிடந்த படகை நேராக ஆற்றில் தள்ளினால் சல்லடைபோலத் தண்ணீர் வாங்கும். இறக்குவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே உள்ளே ஈரச் சாக்கு விரித்து, காலை மாலை தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பதும் உண்டு, ஆனால் கணுக்கால் அளவுக்கு மேல் வேண்டாம். கரையில் நிற்கும் படகுக்குள் நிறையத் தண்ணீர் நிரப்பினால் அந்தப் பாரம் பலகைகளை வெளியே தள்ளும். இவ்வளவு நாள் செய்த வேலை வீணாகும்.

தண்ணீர் ஏறத் தொடங்கும் காலை நேரம் பார்த்து இறக்குங்கள். பகல் முழுவதும் கண் முன்னால் இருக்கும். நீர் ஏற ஏற எந்தப் பொருத்தில் வருகிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சுண்ணக்கட்டியால் அடையாளம் போடுங்கள். இறைக்கும் பம்போடு இரண்டு வாளியும் தயாராக இருக்கட்டும். முதல் ராத்திரி படகில் ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆழம் குறைந்த இடத்தில் கட்டினால், முழுகினாலும் வற்றத்தில் தரைதட்டி நிற்கும்.

முதல் நாள் ஒழுகுவதைப் பார்த்துப் பதறி, மறுபடி கரையேற்றிப் பஞ்சடிக்கப் போகாதீர்கள். இரண்டு மூன்று நாளில் தேக்கு ஊதி இறுகும். ஒழுகல் நாளுக்கு நாள் குறையும். அடங்காமல் கசியும் பொருத்துக்குப் பழைய கைவைத்தியம் ஒன்று: மரத்தூளை ஒரு கூடையில் வாங்கி, படகின் அடியில் அந்தப் பொருத்துக்குக் கீழே தண்ணீருக்குள் கொண்டுபோய் அவிழ்த்து விடுங்கள். உள்ளே இழுக்கும் தண்ணீரோடு தூளும் போய்ப் பொருத்தில் அடைத்துக்கொள்ளும். ஊதும்வரைக்கும் அது தாங்கும். ஒரு வாரம் கழித்தும் ஒரே இடத்தில் ஒரே அளவு வந்துகொண்டிருந்தால் மட்டும் அங்கே பஞ்சு போதவில்லை, அல்லது பலகையில் விரிசல் இருக்கிறது. அடுத்த பெருக்கில் ஏற்றி அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

மழைக்காலம் முழுவதும் படகுக்கு மேலே கூடாரமாகத் தார்ப்பாய் கட்டுங்கள். பக்கங்களைத் தரையோடு இழுத்து மூடாமல் காற்று ஓட இடைவெளி விடுங்கள். வாரம் ஒருமுறையாவது உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்து, வங்கு அடித் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டு, இரண்டு வாளி ஆற்றுத் தண்ணீரை ஊற்றி அலசுங்கள். கோடையில் உப்பு மேலேறும் மாதங்களில் அடிப்பூச்சு எங்காவது உரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வற்றத்திலும் பார்த்து, உரிந்த இடத்தை அன்றைக்கே தொட்டு மூடிவிடுங்கள். புழு நுழைவதற்கு அவ்வளவு இடம் போதும்.